கொளுத்தியவரே செய்தவர்

ஒருவரை மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்கள் யாரும் பைண்டரம்மாவின் கடைக்கு வந்து அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சட்டையெல்லாம் பசையோடு திரும்பிப் போயிருப்பார்கள்.

கடை நீதிமன்றத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். உள்ளே ஒரு வெட்டு மிஷின், திருகி இறுக்கும் இரும்பு பிரஸ், நூல் உருண்டைகள், எப்போதும் பாதி நிறைந்திருக்கும் பசைச்சட்டி. வக்கீல்கள் கிழிந்து தொங்கும் தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து போடுவார்கள். அவள் அவற்றைப் பிரித்து, தைத்து, அட்டை போட்டு, இன்னும் முப்பது வருஷத்துக்கு அடித்தாலும் உடையாதபடி திருப்பித் தருவாள். ஐம்பதைத் தாண்டிய வயது. விரல்களில் காய்ந்த பசை எப்போதும் தோலைப்போல உரிந்துகொண்டிருக்கும். கையில் இருந்த பசையில் கால்வாசிகூடப் பேச்சில் இருக்காது. வக்கீல்களே அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஒரே தம்பி. அடுத்த தெருவில் சலூன் வைத்திருந்தான். கத்தரி ஓடுவதைவிட வேகமாக வாய் ஓடும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வெட்டி முடிந்த பிறகும் கதை கேட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் வாணவேடிக்கை. அந்த ஊரில் அதற்கென்று ஒரு மன்றம் உண்டு. அரசாங்க உரிமம் வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், சொந்தக் கையால் செய்த வெடி உருண்டைகளை வானத்துக்கு அனுப்பி, பூப்பூவாக வெடிக்கவைத்து, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போகிறவர்களின் கூட்டம். பல் டாக்டர் இருந்தார், பஸ் டிரைவர் இருந்தார். தம்பி மன்றத்தில் சேர்ந்த புதுசு. இன்னும் சொந்தமாக ஓர் உருண்டைகூடச் செய்திருக்கவில்லை. உருண்டையை மேலே ஏவும் குழாய் புதைக்க மண் தோண்டுவது, சாமான் தூக்குவது, எல்லாரையும் சிரிக்கவைப்பது, இவைதான் அவன் வேலை.

மன்றத்தின் செயலாளர் கண்ணாடிக்கடைக்காரர். கடைத்தெருவில் பெரிய கடை, அவர் பேச்சில் எப்போதும் வெண்ணெய் தடவியிருக்கும். அந்த வருஷத்து வேடிக்கைக்கு அவர் தன் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தி வீட்டாரை அழைத்திருந்தார். முன்வரிசை நாற்காலியில் அவர்களோடு உட்கார வேண்டும், அதே நேரம் தான் செய்த பெரிய உருண்டையும் மேலே போக வேண்டும். ஓர் ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும்? தம்பியைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ கொஞ்சம் பத்தவெச்சிடுப்பா. நான் அந்தப் பக்கம் இவங்களப் பாத்துக்கறேன்.”

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய உருண்டையைக் கொளுத்தும் வாய்ப்பு. ஓடிப் போய்த் திரியில் நெருப்பு வைத்தான். உருண்டை மேலே போகவில்லை. குழாய்க்குள்ளேயே வெடித்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று, மிச்சம் இருந்தவை மடங்காமல் விறைத்துப்போயின.

விசாரணை, மன்றம் கூடுகிற சைக்கிள் கடை மாடியில் நடந்தது. கையில் கட்டோடு தம்பி வந்து, “நான் செஞ்சது இல்ல” என்றான். கண்ணாடிக்கடைக்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “பாவம், பயத்துல சொல்றான். மன்றத்துல பழக்கம் என்ன? செஞ்சவங்கதானே கொளுத்தணும்? அவன்தானே கொளுத்துனான்?” என்றார். சம்பந்தி ஆகப்போகிறவர்களும் என்ன ஆயிற்று என்று கேட்க வந்து பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால், தான் செய்தது வெடித்து ஒருவன் கை போயிற்று என்று எந்த மனுஷன் ஒப்புக்கொள்வான்? ஒப்புக்கொள்பவன் மனுஷன். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பியை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். அதோடு விட்டாரா? மைதானத்து வாசலில் சொந்தச் செலவில் ஒரு பலகை வைத்தார். நீல வண்ணத்தில் வெள்ளை எழுத்து: ‘செய்தவரே கொளுத்த வேண்டும். கொளுத்தியவரே செய்தவர்.’ தம்பியின் தலையில் கட்டிய பழிக்கு அது முத்திரை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். “எல்லாம் கெட்ட நேரம்மா” என்றார். பைண்டரம்மா பழங்களை அவர் கண் முன்னாலேயே பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தாள். பையை மட்டும் மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியாது.

தம்பி சலூனை விற்றான். அக்கா கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து இடது கையால் தாள் மடித்தான். கதை சொல்வதை நிறுத்திவிட்டான். பழைய வாடிக்கைக்காரர்கள் யாராவது எட்டிப் பார்த்து, “உனக்கு எதுக்குப்பா தெரியாத வேலை, நீயே செஞ்சு நீயே வெடிச்சுக்கிட்ட” என்பார்கள். அவன் தாளை மடிப்பான். வெட்டு மிஷினுக்கு இந்தப் பக்கம் அக்கா பல்லைக் கடிப்பாள். போன விரல் போயிற்று, அது வராது. ஆனால் நான் செய்யவில்லை என்று அவன் சொன்னது உண்மை என்று அந்த ஆள் வாயாலேயே, அத்தனை பேர் காதிலும் விழும்படி வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்த மாசமே மன்றத்தில் சேர்ந்தாள். செயலாளர் வெண்ணெயாக வரவேற்றார். “பெருந்தன்மைம்மா உங்களுக்கு” என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தம்பி பார்த்திருந்தால் அவரை எச்சரித்திருப்பான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பழிவாங்கப் போன இடத்தில் அவளுக்கு வேலை பிடித்துப்போயிற்று. உருண்டையின் உயிர் அதன் மேல் சுற்றும் தாளில் இருக்கிறது. எத்தனை சுற்று, தாளின் இழை எந்த வாட்டம், எவ்வளவு காயவைப்பது என்பதில்தான் எல்லாம். அதெல்லாம் அவள் பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். உள்ளே என்ன வைத்தார்கள், எந்த நிறத்துக்கு எது என்று இங்கே எழுதப்போவதில்லை. கதைக்கு அது வேண்டாம். வேண்டும் என்கிறவர்கள் உரிமம் வாங்கி, மன்றத்தில் சேர்ந்து, முதல் வருஷம் முழுக்க மண் தோண்டட்டும்.

மன்றத்துக்காரர்கள் சந்தித்துக்கொள்வதைவிடப் போனில் அடித்துக்கொள்வதுதான் அதிகம். அவள் சேர்ந்த மூன்றாம் வருஷம் அவர்களுடைய போன் குழுவில் கிளம்பிய பெரிய சண்டை தீப்பந்தைப் பற்றியது. பூவும் வேண்டாம், மழையும் வேண்டாம், வானத்தில் ஒரே ஒரு நெருப்புப் பந்து, முழுசாக, உருண்டு திரண்டு நிற்க வேண்டும். அதை எப்படி வரவழைப்பது? மேலே போனதும் பிரேக் அடித்த மாதிரி நின்று, அப்புறம் நிதானமாக விரிய வேண்டும் என்றார் பஸ் டிரைவர். அடியில் வால் தொங்கக் கூடாது, வேரோடு பிடுங்கின பல்போல அசிங்கமாக இருக்கும் என்றார் பல் டாக்டர். எதற்கெடுத்தாலும் பல்தானா என்று டிரைவர் கேட்டார். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. படம் போட்டார்கள், பழைய வீடியோ போட்டார்கள், ஒருவர் படத்தை இன்னொருவர் சிவப்பால் அடித்துத் திருப்பிப் போட்டார். செயலாளர் எல்லாவற்றுக்கும் கீழே ‘நல்ல முயற்சி’ என்று எழுதுவார். விபத்துக்கு அப்புறம் மூன்று வருஷமாக அவர் ஓர் உருண்டைகூடச் செய்யவில்லை. தரையில் சுற்றும் சக்கரத்தை ஏற்றிவிட்டு, “அடுத்தவங்களுக்கு வழி விடணும்ல” என்பார்.

பைண்டரம்மா தீப்பந்தைக் கண்டுபிடித்தாள். மூன்று முறை மைதானத்தில் சோதித்துப் பார்த்தாள். மூன்றாவது முறை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்து வானத்தில் நின்று ஒரு தடவை புரண்டது. பஸ் டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வரைபடத்தைக் குழுவில் போடச் சொல்லி எல்லாரும் நச்சரித்தார்கள்.

ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து அதை எழுதினாள். எழுதும்போது கை ஓர் இடத்தில் நின்றது. இங்கே ஒரு வரியை மாற்றினால் போதும், குழாய்க்குள்ளேயே வெடிக்கும். பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. இந்த வருஷ வேடிக்கைக்கு நகராட்சித் தலைவர் வருகிறார், செயலாளருக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது, கண்டிப்பாக இதைத் தனதாக்கிக்கொள்வார். ஒரு வரி. கண்ணுக்குக் கண் இல்லாவிட்டாலும் விரலுக்கு விரலாவது. மாற்றி எழுதினாள். எழுதியதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு குளிர்ந்தது.

மூலையில் தம்பி இடது கையால் தாள் மடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு உறைத்தது. இந்த ஆளா தன் கையால் உருண்டையைக் கொளுத்தப்போகிறான்? கடைசி நேரத்தில் இன்னொரு இளிச்சவாயனைக் கூப்பிட்டு, கொஞ்சம் பத்தவெச்சிடுப்பா என்பான். இன்னொரு அக்கா ஆஸ்பத்திரியில் அவன் நீட்டும் ஆரஞ்சுப் பழத்தை வாங்குவாள். மாற்றிய வரியை அழித்து, சரியானதை எழுதி அனுப்பினாள். இரக்கப்பட்டு அல்ல. அடி வேறு யார் மேலும் விழாமல் அவர் மேல் மட்டும் விழ வேண்டும் என்பதற்காக.

அவள் நினைத்தபடியே செயலாளர் தனியாகச் செய்தி அனுப்பினார். “அம்மா, சும்மா ஒரு ஆர்வத்துல கேக்கறேன்” என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாக விசாரித்தார். அவளும் ஒவ்வொன்றாக, ஒளிக்காமல் சொன்னாள். வேடிக்கைக்கு முதல் வாரம் சைக்கிள் கடை மாடியில் நிகழ்ச்சி நிரல் ஒட்டினார்கள். கடைசி உருப்படி: ‘செயலாளர் சொந்தமாக வடிவமைத்த தீப்பந்து.’ அதற்கு முந்தியது: ‘பைண்டரம்மா, ஒன்று.’ பல் டாக்டர் அவளிடம் வந்து, “என்னம்மா இது அநியாயம்? நீங்க கேக்க மாட்டீங்களா?” என்றார்.

“அவரு சொந்தமா செஞ்சதுன்னுதானே போட்டிருக்கு? நல்லாப் பெருசா எழுதுங்க, எல்லார் கண்ணுக்கும் படட்டும்” என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்கத் தம்பியோடு உட்கார்ந்து தன் உருண்டையைச் செய்தாள். அளந்தது அவள், தாள் கிழித்துச் சுற்றியது அவன். இடது கைதான், ஆனால் மூன்று வருஷம் தாள் மடித்த கை. வேடிக்கையன்று அவனும் வர வேண்டும் என்றாள். வர மாட்டேன் என்றான்.

“எதுக்குக்கா? அந்தப் பலகையப் படிக்கவா?”

“ஆமா. அதப் படிக்கத்தான். இந்தத் தடவ நல்லாப் படி.”

மைதானத்தில் சூரியன் இறங்கியதும் ஆள் நிரம்பிவிட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள், நடுவில் நகராட்சித் தலைவர். கயிற்றை ஒட்டித் தம்பி, வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி. இந்தப் பக்கம் மண்ணில் புதைத்த குழாய்கள். எல்லாவற்றுக்கும் பொறுப்பு தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உரிமம் அவர் பெயரில்தான். மன்றத்தில் எல்லாரும் அவரை ஆபீசர் என்றே கூப்பிடுவார்கள். அந்த விபத்துக்கு அப்புறம், சட்டையில் மாட்டிய மைக்கோடு நின்று, ஒவ்வொரு உருண்டைக்கும் முன்னால் செய்தவர் பெயரைச் சொல்வார். பெயர் சொன்ன பிறகு அந்த ஆளைத் தவிர வேறு யாரும் அந்தக் குழாய் பக்கம் போகக் கூடாது. டிரைவரின் பச்சை மழை போயிற்று. டாக்டரின் வெள்ளைப் பூ போயிற்று, பற்கள் மாதிரியே இருந்தது.

பைண்டரம்மாவின் குழாயும் செயலாளரின் குழாயும் பக்கத்துப் பக்கத்தில். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். கொளுத்தும் கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாரிடம் இதைக் கொடுக்கலாம் என்று நாலாப்பக்கமும் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து தன் குழாயைச் சரிபார்க்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

“சார், அந்த ரெண்டாவது சுத்து, தாள எந்த வாட்டத்துல ஒட்டுனீங்க?”

“நீங்க போட்ட மாதிரிதாம்மா.”

“நான் போட்ட மாதிரியேவா? அப்படியேவா?”

“ஏன், என்ன?”

“ஒண்ணும் இல்ல சார்.” அவள் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டாள். “சும்மா கேட்டேன். உங்க டிசைன்தானே, உங்களுக்குத் தெரியாததா.”

அவ்வளவுதான் சொன்னாள். இதில் ஒரு பொய்கூட இல்லை. சொந்தமாக யோசித்துச் செய்தவன் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான், ஏனென்றால் அந்தச் சுற்றில் வாட்டம் எப்படி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. பார்த்துக் காப்பி அடித்தவனுக்கு எது முக்கியம், எது முக்கியம் இல்லை என்று எப்படித் தெரியும்? செயலாளர் குழாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆஸ்பத்திரியில் பையை மடித்துக் கொடுத்தபோது இருந்த அதே அமைதி. அவர் புதுச் சட்டையின் முதுகு நனைந்துபோயிற்று.

நிரல்படி அடுத்தது அவளுடையது. ஆபீசரிடம் போய், தனது கடைசியில் போகட்டும், செயலாளர் சார் முன்னால் போகட்டும், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்றாள். ஆபீசர் தலையாட்டினார்.

“அடுத்தது, நம்ம செயலாளர் சொந்தமா செஞ்ச தீப்பந்து” என்று மைக்கில் சொன்னார். நகராட்சித் தலைவர் கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

செயலாளர் ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். ஆபீசரிடம் போய்த் தாழ்ந்த குரலில், “இடுப்பு பிடிச்சுக்கிச்சு. டிரைவர விட்டுக் கொளுத்தச் சொல்லுங்களேன்” என்றார். ஆபீசர் மைக்கை அணைக்கிற வழக்கம் இல்லாதவர். இடுப்பு பிடித்தது மைதானம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

“அது முடியாது சார். நீங்கதானே பலகை வெச்சீங்க” என்றார் ஆபீசர். “உங்களோடதுன்னா நீங்க கொளுத்துங்க. இல்ல, வேற யாரோடதாவதுன்னா சொல்லுங்க, அவங்க வரட்டும்.”

“இல்ல, வந்து...”

“உங்களோடதா, இல்லையா?”

குழாய் அங்கே வாயைத் திறந்துகொண்டு நின்றது. செயலாளர் அதைப் பார்த்தார், கயிற்றுப் பக்கம் பையில் கையை விட்டு நிற்கிறவனைப் பார்த்தார். கோலைக் கீழே போட்டார்.

“இது நான் யோசிச்சது இல்ல. இது அந்தம்மாவோடது. நான் செஞ்சது இல்ல.”

ஒலிபெருக்கி அதை நாற்காலிகளுக்கும் மரங்களுக்கும் சாலைக்கும் சொன்னது. பைண்டரம்மா ஆபீசரின் பக்கத்தில் வந்து நின்றாள். இதற்காக மூன்று வருஷம் பசை கிண்டியவள், அவசரப்படாமல் பேசினாள்.

“நான் செஞ்சது இல்லன்னு என் தம்பியும் அன்னிக்கு இதையேதான் சொன்னான். மாடியில, கையில கட்டோட. யாரு நம்புனீங்க?”

அன்றைய விசாரணையில் ஆபீசரும் உட்கார்ந்திருந்தார். அவர் செயலாளரை நேராகப் பார்த்தார்.

“அன்னிக்கு அந்த உருண்டை யாரோடது சார்?”

செயலாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலகையைப் பார்த்தார். அவர் எழுதவைத்த எழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது.

“என்னோடது” என்றார். “தாள் காயல. விருந்தாளிங்க வந்துட்டாங்க, நேரம் இல்ல. காஞ்சிருக்கும்னு நெனச்சேன். அந்தத் தம்பிக்குத் தெரியாது.”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், நீயே செஞ்சு நீயே வெடிச்சுக்கிட்ட என்று எத்தனையோ முறை சொன்ன ஆள், தம்பியின் பக்கத்தில் நின்றிருந்தார். மெல்ல நகர்ந்து வேறு இடத்துக்குப் போனார்.

ஆபீசரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து செயலாளரின் குழாயில் ஊற்றினார். உருண்டை உள்ளேயே ஊறிப்போயிற்று. பிறகு மைக்கில், “கடைசி உருண்டை. பைண்டரம்மா” என்றார்.

“நான் மட்டும் இல்ல. தாள் சுத்துனது அவன்” என்று அவள் கயிற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஆபீசர் நிரலில் ஒரு பெயரைச் சேர்த்து எழுதினார். தம்பியின் பெயரை மைக்கில் சொன்னார். தம்பி அசையவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். அவன் கயிற்றைத் தாண்டி வந்தான். கோலை இடது கையில் வாங்கினான். தாள் காய்ந்திருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், காயவைத்தவன் அவன். திரியில் வைத்தான், விலகி ஓடி வந்தான்.

உருண்டை மேலே போயிற்று. ஆரஞ்சு வெளிச்சம் மைதானம் முழுக்க விழுந்தது. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து ஒரே மூச்சாக வாயைப் பிளந்தது. டிரைவர் தொப்பியைக் கழற்றினார், நகராட்சித் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அண்ணாந்து பார்க்காதவர்கள் இரண்டே பேர். செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைண்டரம்மா செயலாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. மனசு இதமாக இருந்தது. வெளிச்சம் மங்கி, முகம் இருட்டில் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான். மூன்று வருஷமாகப் பேசாததை எல்லாம் ஒரே நேரத்தில் பேசினான்.

“அக்கா, பாத்தியா? ரெண்டு தடவ பொரண்டுச்சுக்கா. சோதனையில ஒரு தடவதானே? இது ரெண்டு. ரெண்டாவது தடவ பொரளும்போது நடுவுல நீலமா ஒண்ணு வந்துச்சே, அது எப்படிக்கா வந்துச்சு? பாத்தியா இல்லையா?”

அவள் வானத்தைப் பார்த்தாள். அங்கே புகை மட்டும் இருந்தது.

“பாக்கலடா” என்றாள்.